தண்ணிய எங்கிட்டு விடுவ?

மதுரைக்காரர்களுக்குக் கடல் மீன் புதிதில்லை. ராமேஸ்வரத்திலும் தூத்துக்குடியிலும் ஐஸ் பெட்டியில் ஏறி, விடிவதற்குள் இங்கே சந்தையில் வந்து இறங்கும் மீனைத்தான் கரிமேடு காலத்திலிருந்து தின்று வளர்ந்திருக்கிறோம். செவுளைத் தூக்கிப் பார்த்து இது நேற்றைய மீனா, முந்தாநாள் மீனா என்று சொல்லிவிடுகிற ஆட்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. ஆனால் அதே ஆட்களில் பாதிப் பேர் அந்த மீன் நீந்திப் பார்த்ததில்லை. ஒரா மீனை ஐஸில் பார்த்துப் பழகியவர்களுக்கு அதன் நிறம் ஒரு மங்கிய சாம்பல், அவ்வளவுதான். உயிரோடு இருக்கும் ஒரா பகலில் ஒரு நிறம், பயந்தால் ஒரு நிறம், ராத்திரியில் டார்ச் அடித்துப் பார்த்தால் உடம்பெல்லாம் திட்டுத்திட்டாக வேறொரு நிறம். இதையெல்லாம் தினமும் பார்க்கவேண்டும் என்ற ஆசையில்தான் ஒத்தக்கடைப் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில், யானைமலை தெரிகிற மூலையில், ஒரு கடல்தண்ணீர்க் குட்டை போட்டேன். ஆசைக்கு மேல் வேறு காரணம் சொல்லவேண்டிய அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

குட்டையைப் பார்க்க வருகிறவர்கள் கேட்பதெல்லாம் மீனைப் பற்றித்தான். இந்த வெயிலில் சாகாதா, உப்பு எவ்வளவு போடவேண்டும், கடல் தண்ணீரை எப்படிக் கொண்டுவந்தீர்கள், என்ன செலவாகும். எல்லாமே நியாயமான கேள்விகள், தெரிந்தவரை பதிலும் சொல்கிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் முதலில் கேட்கவேண்டிய கேள்வியை ஒரே ஒருவர்தான் கேட்டார், அதுவும் குழியில் ஒரு மீன்கூட விடாத சமயத்தில். இப்போது மேலூர்ப் பக்கமும் திருமங்கலம் பக்கமும் சிலர் இதே ஆசையோடு என்னிடம் விசாரிக்கிறார்கள். அவர்களும் அந்தக் கேள்வியைக் கேட்காமலே மீன் விலைக்குப் போய்விடுகிறார்கள். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உப்பைப் போட்டால் கடல் ஆகிவிடுமா

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "நம்ம போர்த் தண்ணிதான் உப்பாச்சே, அதுலயே விட்டா என்ன?" என்று கேட்காத ஆளே இல்லை. மதுரையில் பல இடங்களில் போர்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாத அளவுக்குத்தான் இருக்கிறது. ஆனால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும், பேனா மாதிரியான டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்தால் 2,000 காட்டும் தண்ணீரே நமக்கு அப்படி இருக்கிறது. கடல் தண்ணீர் 35,000. லிட்டருக்கு 35 கிராம். அளவு மட்டும் பிரச்சினை இல்லை, நிலத்தடி உப்பும் கடல் உப்பும் ஒரே உப்பு இல்லை. ஹரியானாவில் ரோத்தக் பக்கம் உவர்நிலத்தின் நிலத்தடி நீரிலேயே இறால் வளர்க்கிறார்கள். அங்கே தண்ணீரில் உப்பு போதுமான அளவு இருந்தும் பொட்டாசியம் குறைவாக இருப்பதால், வயலுக்குப் போடும் பொட்டாஷ் உரத்தைக் குளத்தில் கரைத்துத்தான் இறாலைக் காப்பாற்றவேண்டியிருக்கிறது.

சரி, கடையில் கல்லுப்பு வாங்கிக் கரைத்தால்? தூத்துக்குடி உப்பளத்தில் யாரையாவது கேட்டால் இதற்குப் பதில் சொல்லிவிடுவார்கள். கடல் தண்ணீரைப் பாத்தியில் விட்டு வெயிலில் சுண்டவைத்து, டிகிரி (சூடு இல்லை, உப்பின் அடர்த்தி) பார்த்துப் பார்த்து அடுத்தடுத்த பாத்திக்கு மாற்றுவார்கள். கடலில் இருக்கும்போது மூன்று, மூன்றரை டிகிரி. அது ஏற ஏற முதலில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் அடியில் படிந்துவிடும். 25 டிகிரிக்குப் பக்கம் வரும்போதுதான் நாம் சாப்பிடும் உப்பு பூக்கும். அதை வாரிக்கொண்டு மிச்சமிருக்கும் கசப்புத் தண்ணீரை வெளியே விட்டுவிடுவார்கள், மெக்னீசியம் முழுக்க அதோடு போய்விடும். ஆக, கல்லுப்பு என்பது கடலிலிருந்து முன்னால் கொஞ்சமும் பின்னால் கொஞ்சமும் கழித்துவிட்டு நடுவில் எடுத்தது. கடல் தண்ணீரில் லிட்டருக்கு 1.3 கிராம் மெக்னீசியமும், 0.4 கிராம் கால்சியமும், கிட்டத்தட்ட அதே அளவு பொட்டாசியமும் இருக்கிறது. மீனின் ரத்தத்துக்கும் செவுளுக்கும் இதெல்லாம் வேண்டும். இந்தச் சத்துகளைத் தனித்தனியாக வாங்கிச் சேர்த்தும் கடல் தண்ணீர் தயாரிக்கலாம், அலங்கார மீன் கடைகளில் அதற்கென்றே விற்கும் உப்பும் இருக்கிறது. எனக்கு மண்டபத்தில் மாமா ஒருவர் இருக்கிறார், நாட்டுப்படகு வைத்திருக்கிறார். அதனால் பாதிக்கு மேல் நிஜக் கடல் தண்ணீர், மிச்சம் கடை உப்பு என்று ஆரம்பித்தேன்.

ஆயிரம் லிட்டர் கடல் தண்ணீர் ஆயிரத்து இருபத்தைந்து கிலோ. சின்ன யானையில் அதை ஏற்றினால் வண்டி தாங்காது. எழுநூறு லிட்டர் அளவுக்கு மூடியுள்ள கேன்களில் பிடித்து ராத்திரியில் கொண்டுவந்தோம். எந்தப் பக்கத்துத் தண்ணீர் என்பதையும் மாமாதான் முடிவு செய்வார். மண்டபத்துக்காரர்களுக்கு வடகடல், தென்கடல் என்று இரண்டு கடல் உண்டு. பாக் விரிகுடா வடகடல், மன்னார் வளைகுடா தென்கடல். வாடைக் காற்று அடிக்கும் காலத்தில் வடகடல் கலங்கிக் கிடக்கும், மழைத் தண்ணீர் சேர்ந்து உப்பும் குறைந்திருக்கும். அப்போது தென்கடல் தெளிந்திருக்கும். தெற்கிலிருந்து காற்று வரும் மாதங்களில் இது அப்படியே தலைகீழ். "தண்ணி எடுக்கணும்னா காத்தப் பாத்துட்டு வாங்க மாப்ள" என்று மாமா போனிலேயே சொல்லிவிடுவார்.

மல்லித் தோட்டத்திலிருந்து வந்த கேள்வி

மதுரைக்குக் கடலை வரவழைத்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். தடாதகையின் அம்மா காஞ்சனமாலைக்குக் கடலாட ஆசை. மருமகனாக வந்த சொக்கன் ஏழு கடலையும் ஒரே குளத்துக்கு வரவழைத்துக் கொடுத்தார். புதுமண்டபத்தை ஒட்டி இன்றைக்கும் எழுகடல் தெரு இருக்கிறது, நெரிசலில் புகுந்து போகிற பலருக்கு அது ஒரு கடைத்தெரு மட்டும்தான். இந்தக் கதையோடு இன்னொன்றும் சேர்ந்தே இருக்கிறது, அதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. கடல் பொங்கி மதுரையை அழிக்க வந்தபோது உக்கிரபாண்டியன் வேல் எறிந்து அதை வற்றவைத்தான் என்பது. ஒரு கதையில் கடல் அழைக்கப்பட்டு வருகிறது, இன்னொன்றில் அழைக்காமல் வந்து விரட்டப்படுகிறது. ஊர் இரண்டையும் ஞாபகம் வைத்திருக்கிறது. குட்டை போடுவதற்கு முன்னால் எனக்கு முதல் கதை மட்டும்தான் மனசில் இருந்தது.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு அக்காவின் தோட்டம். மல்லிச் செடியும், நடுவில் ஒரு கிணறும். விடிவதற்கு முன்னால் மொட்டுப் பறித்து மாட்டுத்தாவணிக்கு அனுப்பிவிடுவார். அந்தக் கிணற்றை நம்பித்தான் செடி, செடியை நம்பித்தான் வீடு. நாங்கள் குழி வெட்டிக்கொண்டிருந்தபோது வேலியோரம் வந்து நின்று என்ன ஏது என்று விசாரித்தார். கடல் மீன் வளர்க்கப்போகிறேன் என்று சொன்னேன். எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், எவ்வளவு உப்பு, மீன் கழிவெல்லாம் அதிலேயே கிடக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடவேண்டும் என்று விளக்கினேன். உடனே கேட்டார்: "மீனு செத்தா செத்துட்டுப் போகுது தம்பி. அந்தத் தண்ணிய எங்கிட்டு விடுவ?"

கோபமாகக் கேட்கவில்லை. பதில் தெரிந்துகொள்ளக் கேட்டார். என்னிடம் அப்போது பதில் இல்லை, யோசித்துச் சொல்கிறேன் அக்கா என்று வேலையை அன்றைக்கு நிறுத்திவிட்டேன். ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

குட்டை பத்தடி நீளம், ஆறடி அகலம், நாலடி ஆழம். ஏறத்தாழ 6,800 லிட்டர். லிட்டருக்கு 35 கிராம் என்றால் மொத்தம் சுமார் 240 கிலோ உப்பு, ஐம்பது கிலோ மூட்டையில் கிட்டத்தட்ட ஐந்து மூட்டை என் கொல்லைக்குள் வரப்போகிறது. அது உள்ளே இருக்கும்வரை கவலையில்லை. கடல் மீன் வளர்ப்பவர்கள் பலரும் சொல்லும் கணக்குப்படி வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் 680 லிட்டர் வெளியே போகும், அதில் 24 கிலோ உப்பு. ஒரு வருடத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் 1,200 கிலோவைத் தாண்டுகிறது. ஒரு டன்னுக்கு மேல் உப்பு, வருடா வருடம், ஒரு கிணற்றுக்குப் பக்கத்து மண்ணில். நான் குழாய் போட்டு விட நினைத்திருந்த இடம் தென்னை மரத்தடி. தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும் என்பது சரிதான். ஆனால் தென்னை உப்பைத் தின்றுவிடாது. மழை பெய்தால் கரைந்து கீழே இறங்கும், கீழே இருப்பது எல்லோருக்கும் பொதுவான தண்ணீர்.

மண் பரிசோதனை செய்கிறவர்கள் மண்ணின் மின்கடத்தும் திறனைப் பார்ப்பார்கள். அது 4 டெசிசீமென்ஸைத் தாண்டினால் உவர் மண் என்று எழுதிக் கொடுப்பார்கள். கடல் தண்ணீரை அதே அளவில் பார்த்தால் ஐம்பதுக்கு மேல் இருக்கும். வேர்ப்பக்கம் உப்பு ஏறினால் பக்கத்தில் ஈரம் இருந்தும் செடியால் உறிஞ்ச முடியாது, இலை நுனியிலிருந்து கருகிக்கொண்டு வரும். சோடியம் சேரச் சேரக் களிமண் இறுகி, மேலே விட்ட தண்ணீர் இறங்காமல் நிற்கும். இதைச் சரிசெய்ய ஜிப்சம் போட்டு நல்ல தண்ணீரை நிறைய விட்டு உப்பைக் கழுவி இறக்கவேண்டும். நல்ல தண்ணீருக்கு நம் ஊரில் எங்கே போவது? குடிக்க வைகையைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊர் இது. ஒரு தடவை உப்பு ஏறிய கிணறு என்றால் அந்த அக்காவுக்கு அது கிணறே இல்லை.

அந்தக் கணக்குக்கு அப்புறம் குட்டையின் வரைபடம் முழுக்க மாறியது. மீனுக்கு என்ன வேண்டும் என்று ஆரம்பித்த வேலையை, உப்பு என் வேலியைத் தாண்டாமல் இருக்க என்ன வேண்டும் என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். சிமெண்டுத் தொட்டி யோசனையைக் கைவிட்டேன். உப்புத் தண்ணீர் கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் துருப்பிடிக்கவைக்கும், துருப்பிடித்த கம்பி உப்பிக் கான்கிரீட்டைப் பிளக்கும், கசிவு எப்போது ஆரம்பித்தது என்பதே தெரியாது. அதற்குப் பதில் விவசாயிகள் பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் 500 மைக்ரான் ஷீட்டை இரண்டு அடுக்காக விரித்தேன். இரண்டுக்கும் நடுவில் அடிப்பக்கம் ஒரு குழாயை வைத்து மேலே கொண்டுவந்து மூடி போட்டிருக்கிறேன். மேல் ஷீட்டில் ஓட்டை விழுந்தால் அந்தக் குழாயில் தண்ணீர் நிற்கும், கீழ் ஷீட் மண்ணைக் காப்பாற்றும், எனக்கும் விஷயம் தெரிந்துவிடும்.

அடுத்தது தண்ணீர் மாற்றுவதையே குறைப்பது. எதற்காக மாற்றுகிறோம்? மீனின் கழிவிலிருந்து அமோனியா வருகிறது. அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும். இவை குடியேற ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகும், அதுவரை பொறுமையாக இருக்கவேண்டும். கடல் தண்ணீரின் காரத்தன்மையிலும் நம் ஊர்ச் சூட்டிலும் அமோனியாவின் விஷம் இன்னும் கூடும். கடைசியில் மிஞ்சுவது நைட்ரேட். அது சேர்ந்துகொண்டே போவதால்தான் தண்ணீரை எடுத்துக் கொட்டுகிறார்கள். ஆனால் நைட்ரேட் என்பது செடிக்கு உரம். உப்புத் தண்ணீரில் வாழும் செடி ஒன்று கிடைத்தால் போதும். மண்டபத்தில் உவர்த்தரை ஓரமாகப் படர்ந்து கிடக்கும் ஒரு கொடி உண்டு, தடித்த இலை, சிவந்த தண்டு, நட்சத்திரமாகச் சின்ன இளஞ்சிவப்புப் பூ. தாவரவியல்காரர்கள் செசுவியம் என்பார்கள். நல்ல கடல் உப்பிலேயே வளரும். குட்டைத் தண்ணீர் சரளைக்கல் நிரப்பிய ஒரு நீளத் தொட்டி வழியாகச் சுற்றி வருகிற மாதிரி வைத்து, அதில் இந்தக் கொடியை நட்டேன். வளர வளர வெட்டி எடுக்கிறேன், வெட்டி எடுப்பதோடு நைட்ரேட்டும் வெளியே போகிறது. மீனும் கொஞ்சமாகத்தான் விட்டிருக்கிறேன். வாரம் 680 லிட்டர் மாற்றவேண்டிய இடத்தில், அடியில் தேங்கும் அழுக்கோடு சேர்த்து நூறு லிட்டர் எடுத்தால் போதும் என்றாகிவிட்டது.

அந்த நூறு லிட்டருக்கு நான் கடன்பட்டிருப்பது மதுரை வெயிலுக்கு. பத்தடிக்கு நாலடியில் கறுப்பு ஷீட் விரித்த ஒரு ஆழமில்லாத பாத்தி, ஓரத்தில் செங்கல் வரம்பு. உப்பளத்தில் பார்த்ததைத்தான் சின்னதாகச் செய்தேன். அழுக்குத் தண்ணீர் அதில்தான் போகிறது, காய்ந்து உப்பாகிறது, சுரண்டி மூட்டையில் போடுகிறேன். வாரத்துக்கு மூன்றரைக் கிலோ அளவில் வரும். ஐப்பசி கார்த்திகையில் பாத்தியை மூடிவிட்டுத் தண்ணீரை டிரம்மில் சேர்த்துவைத்து, தை பிறந்த பிறகு காயவிடுகிறேன். இதையெல்லாம் போட்டு முடித்த பிறகுதான் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அடுக்கு ஷீட், குழாய், பாத்தி எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "கெணத்துத் தண்ணிய மாசாமாசம் அந்தப் பேனா மிசின விட்டுப் பாத்துச் சொல்லு" என்றார். அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு அவர் கிணற்றில் டிடிஎஸ் பார்த்து, அவர் வீட்டுக் காலண்டரிலேயே எழுதுகிறேன். மழைக்கும் கோடைக்கும் ஏறி இறங்குவது தவிர வேறு மாற்றம் இல்லை.

எந்த மீன் என்பது அப்புறம்தான்

கடல் மீன் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது கண்ணாடித் தொட்டியில் ஆரஞ்சும் வெள்ளையுமாக இருக்கும் கோமாளி மீன்தான். அது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மதுரைக் கொல்லைக்கு அது ஏற்றதில்லை. அது பவளப்பாறையில், சூடும் உப்பும் பெரிதாக மாறாத இடத்தில் வாழ்கிற மீன். சித்திரையில் பச்சை வலை கட்டி நிழல் கொடுத்தும் என் குட்டையின் மேல் தண்ணீர் 32 டிகிரியைத் தொடுகிறது. மன்னார் வளைகுடாவில் கடல் சூடேறி 2010-லும் 2016-லும் பவளங்கள் வெளுத்தன, கடலுக்குள்ளேயே இந்த நிலை. குளிரூட்டும் மெஷின் போட்டு வீட்டுக்குள் வளர்க்கிறவர்கள் வளர்க்கட்டும், அப்போதும் கடலில் பிடித்ததை வாங்காமல் குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்ததைக் கேட்டு வாங்கவேண்டும் என்பது என் பிடிவாதம். மண்டபத்திலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்திருக்கிறார்கள், கடல் விராலையும் 2010-ல் அங்கேதான் இந்தியாவில் முதல் தடவையாக இனப்பெருக்கம் செய்யவைத்தார்கள். பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 2001-ல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன, புலிக்குக் கொடுத்த அதே பாதுகாப்பு. செத்த பவளக் கல்லை அழகுக்குத் தொட்டியில் வைப்பதும் கூடாது. என் குட்டையில் பாக்டீரியா குடியிருப்பது உடைந்த ஓட்டுச் சில்லிலும் சந்தையில் கிடைத்த சிப்பி ஓட்டிலும்.

நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் ஈடுகொடுப்பவை கழிமுகத்து மீன்கள். மடவை, பால் கெண்டை, கீச்சான், கொடுவா. கடல் மீனின் ரத்தத்தில் உப்பு கடலில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் அதன் உடம்பிலிருந்து தண்ணீர் கடலுக்குள் இழுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்டக் கடல் தண்ணீரையே குடித்து, உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளுகிறது. ஆற்று மீனுக்கு வேலை இதற்கு நேர் எதிர். கழிமுகத்து மீன் இரண்டு வேலையையும் தெரிந்துவைத்திருக்கிறது, தண்ணீர் மாற மாற செவுளின் வேலையையும் மாற்றிக்கொள்ளும். ஒரே நாளில் ஏற்றமும் வற்றமும் பார்த்து, வெயிலில் சூடாகும் வாய்க்காலிலும் மழைத் தண்ணீர் பாயும் முகத்துவாரத்திலும் வளர்ந்த மீனுக்கு ஒத்தக்கடை அவ்வளவு அந்நியம் இல்லை.

பால் கெண்டையும் மடவையும் பாசியை மேய்ந்து குட்டையைச் சுத்தமாக வைத்திருக்கின்றன. இரண்டுமே துள்ளும், மேலே வலை இல்லாவிட்டால் விடியும்போது தரையில் கிடக்கும். அந்த வலை கொக்குக்கும் மீன்கொத்திக்கும் சேர்த்துத்தான். கீச்சான் வரி போட்ட சின்ன மீன், தூண்டில்காரர்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. தண்ணீரை விட்டு வெளியே எடுத்தால் கீச்சிடும். துடுக்கு அதிகம், மற்ற மீனின் வாலைக் கடிக்கும், ஆனால் அதைப்போல உறுதியான மீனை நான் பார்த்ததில்லை. கொடுவாவை மற்றதோடு விடக்கூடாது, தன்னைவிடச் சின்னதாக இருந்தால் சொந்த இனத்தையே விழுங்கும். அதன் வாழ்க்கை விநோதமானது. ஆணாக வளர்ந்து, சில வருடம் கழித்துப் பெண்ணாக மாறும். முட்டுக்காட்டில் உவர்நீர் மீன் வளர்ப்பை ஆராயும் சிபா நிலையத்தில் 1997-லேயே கொடுவாவைக் குஞ்சு பொரிக்கவைத்துவிட்டதால், கடலில் பிடிக்காத குஞ்சு கிடைப்பதில் கஷ்டமில்லை. ஒரா மட்டும் கழிமுகத்தைவிட வடகடலின் கடற்புல்லை நம்பி வாழும் மீன். இருந்தும் ஆழமில்லாத இடத்துச் சூடு அதற்குப் பழக்கம், அதனால் விட்டேன். முள் குத்தினால் நேரம்போகக் கடுக்கும், கையை விடும்போது கவனம் வேண்டும்.

தினசரி வேலை என்று பெரிதாக இல்லை, மூன்று விஷயத்தில் கண்வைத்தால் போதும். கோடையில் இந்த அளவுக் குட்டையிலிருந்து நாளுக்கு முப்பது, நாற்பது லிட்டர் ஆவியாகப் போய்விடும், உப்பு அப்படியே இருக்கும். அதனால் ஈடுகட்ட ஊற்றுவது நல்ல தண்ணீராக இருக்கவேண்டும். போர்த் தண்ணீரை ஊற்றினால் நாளுக்கு எழுபது, எண்பது கிராம் என்று வேறு உப்பு சேர்ந்துகொண்டே போகும். மொட்டைமாடி மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துவைத்து அதைத்தான் ஊற்றுகிறேன். ஐப்பசியில் இதற்கு எதிர்ப் பிரச்சினை, பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் ஐந்நூற்றைம்பது லிட்டர் நேராக உள்ளே விழும், 35 இருந்த உப்பு 32-க்கு இறங்கும். கழிமுகத்து மீனுக்கு இது ஒன்றுமில்லை, ஆனால் நிரம்பி வழிந்தால் மண்ணுக்குப் போகும் என்பதால் தார்ப்பாய் போட்டுவிடுவேன். மூன்றாவது காற்று. சூடான உப்புத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, 30 டிகிரியில் லிட்டருக்கு ஆறு மில்லிகிராம் சொச்சம்தான் தங்கும், நல்ல தண்ணீரில் ஏழரை தங்கும். கரண்ட் போன ராத்திரியில் விடியற்காலை நாலு மணிக்கு மீன் மேலே வந்து வாயைப் பிளந்து நிற்கும். ஏர் பம்பை இன்வெர்ட்டரில் மாட்டாமல் யாரும் இதில் இறங்கவேண்டாம்.

மிச்சம் இருப்பது அந்த மூட்டைகள். காய்ந்த உப்பு கொட்டகையில் செங்கல் மேடையில் அடுக்கிக் கிடக்கிறது. மறுபடி கரைத்து ஊற்றலாமா என்றால், ஒரு தடவை படிந்த சுண்ணாம்பும் ஜிப்சமும் எளிதில் திரும்பக் கரையாது, மீன் கழிவும் அதில் இருக்கிறது. திண்டுக்கல்லில் தோல் பதப்படுத்த உப்பு வாங்குவார்கள், கொடுத்துவிடு என்று ஒருவர் சொன்னார். திண்டுக்கல் பக்கம் தோல் தொழிலின் உப்பால் கிணறுகள் கெட்டது எல்லோருக்கும் தெரியும், அங்கேயும் ஒரு அக்கா மல்லி வைத்திருப்பார். மண்டபத்து மாமாதான் வழி சொன்னார். "எங்ககிட்ட இருந்து போனதுதான மாப்ள, வண்டி சும்மாதான வருது, ஏத்தி விடுங்க. படகுல கொண்டுபோயி கடப்பாசி, புல்லு எதுவும் இல்லாத எடமாப் பாத்துக் கரைச்சு விடுறேன்." சின்ன யானை இங்கிருந்து காலி கேனோடுதான் திரும்பிப் போகிறது, அதில் மூட்டைக்கு இடம் இருக்கிறது. வாடை அடங்கியதும் முதல் வண்டியில் அனுப்ப முடிவு செய்திருக்கிறேன். அக்காவிடம் சொன்னேன். "ஏத்தும்போது கூப்புடு தம்பி, எத்தன மூடைனு நானும் எண்ணிப் பாக்கணும்" என்றிருக்கிறார்.